எழுபத்தைந்து என்ற எண்ணும் எழுபத்தைந்தாம் அறையும்

கண்டியில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் தமிழ்மொழி மாணவர்களுக்குக் கணினி வன்பொருள் படிப்பிக்கிறேன். வருடாவருடம் ஒரு பாடத்துக்கு வரும்போது வகுப்பு கொஞ்சம் சோர்ந்துவிடும். புரொசஸருக்கு நாம் கொடுக்கிற எந்தக் கட்டளையிலும் இரண்டு விஷயங்கள் இருக்க வேண்டும். என்ன செய்வது என்பது ஒன்று. எதை வைத்துச் செய்வது என்பது மற்றது. கூட்டு என்று சொன்னால் போதாது, எதைக் கூட்டுவது என்றும் சொல்ல வேண்டும். அந்த 'எது' எங்கே இருக்கிறது என்று சொல்லப் பல வழிகள் உண்டு. அந்த வழிகளைப் பற்றியதுதான் பாடம்.

எண்ணைக் கட்டளைக்குள்ளேயே வைத்துக் கொடுக்கலாம். ஐந்தைக் கூட்டு என்றால் ஐந்து கையிலேயே இருக்கிறது, தேடிப் போக வேண்டியதில்லை. அல்லது நினைவகத்தில் ஓர் அறையின் இலக்கத்தைச் சொல்லலாம். ஐந்தாம் அறையில் இருப்பதைக் கூட்டு என்றால், அங்கே போய்ப் பார்த்த பிறகுதான் எண் என்னவென்று தெரியும். இன்னொரு வழி சுற்றுவழி. ஓர் இடத்தில் வேறோர் அறையின் இலக்கம் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு அந்த அறைக்குப் போக வேண்டும்.

இந்தக் கடைசி வழிக்கு நான் சொல்கிற உதாரணம் எங்கள் வீடுதான். நான் பிறந்தது கண்டிக்கு மேலே ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், சுவரோடு சுவராக வரிசையாகக் கட்டிய லயத்தில். எங்கள் காம்பிரா அறைக்கென்று தனி விலாசம் இருக்கவில்லை. கடிதம் தோட்டத்து ஒபீசுக்கு வரும். நாங்கள் எந்த லயத்தில், எத்தனையாவது கதவில் இருக்கிறோம் என்பது ஒபீசுக்குத்தான் தெரியும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடும். டவுன் பிள்ளைகளுக்கு இன்னொரு தடவை சொல்ல வேண்டும்.

நான் கல்யாணம் முடித்துக் கண்டி டவுன் பக்கம் மஹய்யாவைக்கு வந்துவிட்டேன். அக்கா இன்னும் ஹந்தானையில்தான். கொழுந்து எடுக்கிறாள். அவளுடைய லயத்துக்குப் பின்னால் செங்குத்தான மண் மேடு ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் அந்த மேட்டைப் பற்றிய பயம் எனக்குத்தான், அவளுக்கு இல்லை. ஊற்றி அடிக்கிற நாட்களில் நான் அவளுக்குப் போன் எடுப்பேன். அவள் மரக்கறி விலையைப் பற்றிப் பேசுவாள்.

ஒரு முறை மண்சரிவைப் பற்றிப் பேச அதிகாரிகள் சிலர் அந்த லயத்துக்கு வந்தார்கள். ஒரு நாளைக்குள் எழுபத்தைந்து மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தால் மேலே இருக்கிற பிள்ளை மடுவத்துக்குப் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிள்ளை மடுவம் என்பது வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். அது மலையின் முதுகில், சமதரையில் இருக்கிறது. மழையை யார் அளப்பது என்பதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். மறுநாள் இடைவேளையில் நான் அதைக் கல்லூரியில் என் பக்கத்து மேசைச் சிநேகிதியிடம் சொன்னேன்.

அவள் மின்னணுவியல் படிப்பிக்கிறவள். கம்பளைக்காரி. தினமும் ரயிலில் வந்து போவாள். அவளுடைய வாப்பாவுக்குக் கம்பளை டவுனில் ரேடியோ திருத்துகிற கடை இருந்ததாம். சின்ன வயதிலிருந்தே ஈயம் உருக்குகிற வாசனை பிடிக்கும் என்று சொல்வாள். பல வருடங்களாக ஒரே அறையில் இருந்தும் நாங்கள் ஒருவரையொருவர் 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவோம். இன்றைக்கும் அப்படித்தான்.

கதையைக் கேட்டதும் அவள் எழுந்து போய் ஆய்வுகூடத்து அலுமாரியைத் திறந்தாள். பழைய எட்டு பிட் சிப்புகள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. புதிய போர்டுகள் வந்த பிறகு அவற்றை யாரும் தொடுவதில்லை. ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்தாள்.

"நாம ரெண்டு பேரும் வருசா வருசம் இத வச்சித்தானே பாடம் எடுக்கிற மிஸ். ஒரு வேலைக்காவது பாவிச்சிப் பாப்போமே."

கல்லூரி அதிபரிடம் அனுமதி கேட்டோம். குப்பைக்குப் போக இருந்ததுதானே, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். சாப்பாட்டு இடைவேளைகளிலும் வகுப்பு முடிந்து அவளுடைய ரயில் வரும் வரைக்குமான நேரத்திலும் வேலை செய்தோம். அவள் மழைமானியைச் செய்தாள். புனலுக்குக் கீழே சின்ன ஊசல் கிண்ணம் ஒன்று. ஒரு மில்லிமீட்டர் மழைக்குரிய தண்ணீர் நிரம்பியதும் அது ஒரு பக்கம் சாய்ந்து கொட்டும், கொட்டும்போதெல்லாம் சிப்புக்கு ஒரு துடிப்பு போகும். சத்தத்துக்குப் பழைய லொறி ஹோர்ன் ஒன்றை வாங்கி வந்தாள். புரோகிராம் என் பொறுப்பு. ஆனால் தட்டெழுதும்போது இருவரும் மாறி மாறி உட்கார்ந்தோம்.

அந்தச் சிப்பில் நினைவகம் மிகவும் கொஞ்சம். அதனால் நாங்கள் மாணவர்களுக்குப் படிப்பிக்கிற அதே அடிமட்ட மொழியில்தான் எழுத வேண்டியிருந்தது. ஒரு நாளின் மணித்தியாலங்களுக்கு ஒவ்வொன்றாக அடுத்தடுத்து அறைகள் ஒதுக்கினோம். ஒவ்வொரு மணித்தியாலமும் பெய்த மழை அதற்குரிய அறையில் சேரும். எந்த அறையில் எழுத வேண்டும் என்ற இலக்கத்தைச் சிப்புக்குள் ரெஜிஸ்டர் என்கிற தனி இடம் ஒன்று வைத்திருக்கும். சுற்றுவழி என்று சொன்னேனே, அதுதான். கடைசி அறை வந்ததும் திரும்பவும் முதல் அறைக்கு வர வேண்டும். இந்த இடத்தில்தான் எல்லா மாணவர்களும் தவறுவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஆகவே அதைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தோம். எல்லா அறைகளையும் கூட்டி, கூட்டுத்தொகையை எழுபத்தைந்துடன் ஒப்பிட்டு, கூடுதலாக இருந்தால் ஹோர்னை அடிக்க வைப்பது கடைசி வேலை. அது சாதாரண ஒரு வரி.

கல்லூரிப் பின்முற்றத்தில் வைத்துப் பரீட்சித்தோம். போத்தல் போத்தலாகத் தண்ணீர் ஊற்றினோம். ஹோர்ன் அலறியது. மேல்மாடியிலிருந்து மாணவர்கள் எட்டிப் பார்த்துக் கைதட்டினார்கள். எவ்வளவு ஊற்றிய பிறகு அலறியது என்று நாங்கள் அளந்து பார்க்கவில்லை. அலறியதே போதும் என்றிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கொண்டுபோய்ப் பிள்ளை மடுவத்துக் கூரையில் பூட்டினோம். லயத்து ஆட்கள் ஏணி பிடித்தார்கள். அக்கா எல்லாருக்கும் பால் இல்லாத பிளேன்டி ஊற்றினாள். என் சிநேகிதிக்கு அந்த மலை பிடித்துவிட்டது. கீழே கண்டி டவுன் முழுவதும் மேகத்துக்கு அடியில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

பெட்டி இரண்டு கிழமை ஒழுங்காக, அதாவது சத்தமில்லாமல், இருந்தது. பிறகு சும்மா அடிக்கத் தொடங்கியது. அக்கா போனில் சொன்னபோது நான் நம்பவில்லை. அடுத்த ஞாயிறு போனபோது நேரிலேயே பார்த்தேன். பகல் சமையல் நேரம். கரண்ட் போனது, கொஞ்சத்தில் வந்தது. வெளியே துணி காயப்போட்டிருந்தவர்கள் எடுக்கக்கூட நினைக்காத அளவு ஒரு தூறல். ஹோர்ன் மலை அதிர அடித்தது. எல்லாரும் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். லயத்து இளைஞர் மன்றத் தலைவர் ஏணி வைத்து ஏறி ஹோர்னுக்குள் ஒரு சாக்குத் துண்டைத் திணித்துவிட்டு இறங்கினார். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் பயப்படுதுங்க டீச்சர் என்று மட்டும் சொன்னார்.

கரண்ட் போய் வந்த பிறகு இது நடக்கிறது என்பதை என் சிநேகிதியிடம் சொன்னேன். கரண்ட் வரும்போது வருகிற அதிர்வில் சிப் குழம்புகிறது என்று இருவரும் முடிவுகட்டினோம். எப்படியும் கரண்ட் போனால் அதுவரை சேர்த்த மழைக் கணக்கும் அழிந்துவிடும், அதற்கும் ஒரு வழி வேண்டும். ஆகவே ஒரு பெட்டரி பொருத்தினோம். பொருத்தியதும் சும்மா அடிப்பது நின்றுவிட்டது. சாக்குத் துண்டை எடுத்தோம். பெருமையாகத் திரும்பி வந்தோம்.

அந்த மாதக் கடைசியில் ஒரு நாள் விடியற்காலையிலிருந்தே மழை. வாவிக்கரையில் பாதை தெரியவில்லை. நான் வகுப்பில் இருந்தபோது அக்காவின் கோல் வந்தது. வகுப்பு நேரத்தில் அவள் எனக்குப் போன் எடுப்பதே இல்லை. வராந்தாவுக்கு வந்து பேசினேன்.

"தங்கச்சி, ஒன் மிசினு தூங்குதா? பீலித் தண்ணிக்கு வச்ச வாளியெல்லாம் மழையில நெறஞ்சி வழியுது. அது ஒரு சத்தமும் போட மாட்டேங்குது."

அவளை உடனே பிள்ளை மடுவத்துக்குப் போகச் சொன்னேன். மத்தவங்க வரணுமே என்றாள். யாரும் வரவில்லை. ஹோர்ன் அடிக்கவில்லையே, பிறகு என்ன என்று சொன்னார்களாம். பெட்டி வருவதற்கு முன்பாவது மழையைப் பார்த்துப் பயந்திருப்பார்கள். இப்போது பெட்டியின் மௌனத்தை நம்பி உள்ளே இருந்தார்கள். வகுப்புக்கு நடுவே நடுவே வெளியே வந்து அவளுக்குப் போன் எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் மழை விட்டது. மேட்டிலிருந்து கொஞ்சம் சேறு மட்டும் லயத்துக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இறங்கியிருந்தது. வேறு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாளே போய்ப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தோம். புரோகிராமைத் திரையில் வைத்து, அந்தச் சுற்றி வருகிற அறைகளைத்தான் மறுபடி மறுபடி தோண்டினோம். கஷ்டமான இடத்தில்தான் பிழை இருக்கும் என்று மனதுக்குள் தீர்மானித்துவிட்டோம். ஒவ்வொரு வரியாக நான் சத்தமாகப் படிப்பேன், அவள் கேட்டுத் தலையாட்டுவாள். ஒப்பிடுகிற வரியையும் படித்தேன். "எழுபத்தைந்துடன் ஒப்பிடு." அவள் தலையாட்டினாள். கடந்து போனோம். பல நாள் அப்படியே கடந்து போனோம்.

ஒரு நாள் அவளுக்குக் களைத்துவிட்டது. புரோகிராம் வேண்டாம், சிப்புக்குள் போன இயந்திர மொழியைக் காட்டுங்கள் என்றாள். அதில் சொற்கள் இருக்காது, எண்களும் எழுத்துகளும்தான். ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் இலக்கம். சிப்பின் கட்டளை அட்டவணையை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு விரலை ஓட்டிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். அந்தச் சிப்பில் ஓர் எண்ணுடன் ஒப்பிடு என்பதற்கான இலக்கம் பி நான்கு. ஓர் அறையில் இருப்பதுடன் ஒப்பிடு என்பதற்கு பி ஐந்து. எங்கள் சிப்புக்குள் பி ஐந்து இருந்தது.

"இது எண்ணு இல்ல மிஸ். இங்க எட்ரஸ்தான் ஈக்கி. ஹேஷ் எங்க?"

திரும்பித் திரையைப் பார்த்தேன். அந்த மொழியில் எண் என்றால் அதற்கு முன்னால் # என்ற குறியைப் போட வேண்டும். போடாவிட்டால் அது அறை இலக்கம். எங்கள் வரியில் அந்தக் குறி இல்லை. நான் சத்தமாகப் படிக்கும்போது குறியைப் படிப்பதில்லை. எழுபத்தைந்து என்றுதான் சொல்வேன். அவள் காதிலும் எழுபத்தைந்து என்றுதான் விழுந்திருக்கிறது. நாங்கள் இருவரும் கேட்டது எண். சிப்புக்குக் கிடைத்தது விலாசம். அது ஒழுங்காக எழுபத்தைந்தாம் அறைக்குப் போய், அங்கே கிடந்ததை எடுத்து வந்து மழையுடன் ஒப்பிட்டிருக்கிறது.

அந்த அறையில் நாங்கள் எதையும் வைக்கவில்லை. யாரும் வைக்காத அறையில் கரண்ட் வரும்போது ஏதோ ஒரு எண் தானாகத் தங்கும். ஒரு முறை சின்ன எண், ஒரு முறை பெரிய எண். கல்லூரிப் பின்முற்றத்தில் நடுத்தரமாக ஏதோ இருந்திருக்கிறது. தோட்டத்தில் கரண்ட் போய் வந்த நாட்களில் மிகச் சின்னதாக ஏதோ இருந்திருக்கிறது. தூறலே அதைத் தாண்டிவிட்டது. பெட்டரி பொருத்திய அன்று பெரிய எண் ஒன்று அதில் உட்கார்ந்துவிட்டது. பெட்டரியின் புண்ணியத்தில் அது அழியவே இல்லை. எவ்வளவு பெய்தாலும் ஹோர்ன் அடித்திருக்காது. நாங்கள் பிழையைத் திருத்தியதாக நினைத்து அதை அசையாமல் பூட்டி வைத்திருக்கிறோம்.

 அவள்தான் முதலில் சிரிக்கத் தொடங்கினாள், எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தக் கிழமைதான் நான் வகுப்பில் இந்தப் பாடத்தை நடத்தி முடித்திருந்தேன். ஹேஷை விட்டுவிட்டு எழுதிய ஒரு மாணவிக்கு அவள் அரைப் புள்ளி வெட்டியிருந்தாள். எங்கள் வரியைத் தட்டெழுதியது யார் என்று இன்றுவரை தெரியாது. நான்தான் என்கிறேன் நான், தான்தான் என்கிறாள் அவள்.

குறியைப் போட்டோம். இந்த முறை அளவுச் சாடியை ஆய்வுகூடத்திலிருந்து எடுத்து வந்து அளந்து ஊற்றினோம். கரண்டை நிறுத்தினோம், கொடுத்தோம், மறுபடி ஊற்றினோம். ஒவ்வொரு முறையும் அடிக்க வேண்டிய இடத்தில்தான் அடித்தது.

பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோவது அவ்வளவு சுலபமாக இல்லை. லயத்து ஆட்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் ஏணியை யாரும் எடுத்துவரவில்லை. என் சிநேகிதி பிள்ளை மடுவத்து வாசலில் இருந்த கதிரையில் உட்கார்ந்து, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். எழுபத்தைந்து என்று சொல்ல நினைத்து எழுபத்தைந்தாம் வீட்டில் போய்க் கேள் என்று சொல்லிவிட்டோம், அந்த வீட்டில் ஆளே இல்லை என்றாள். இளைஞர் மன்றத் தலைவர் கவனமாகக் கேட்டார். அப்போ இனிமே அந்த வீட்டுக்குப் போகாதா என்று கேட்டார். போகாது, எண்ணைக் கையிலேயே கொடுத்துவிட்டோம் என்றாள். அவர் உள்ளே போனார். நாங்கள் திரும்பிப் போக வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது ஏணியோடு வந்தார்.

அக்கா மட்டும் தனியாக என்னிடம் சொன்னாள்: "அடிச்சா நா போவேன். நா போனா மத்ததுங்க வரும். நீ ஒன் வேலயப் பாரு."

அடுத்த பருவமழையில் அது நடந்தது. ஒரு பிற்பகல், இரண்டாவது நாளாக விடாத மழை. ஹோர்ன் அடித்திருக்கிறது. அக்கா வேலை முடிந்து வந்து தலை துவட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். துவாயைத் தோளில் போட்டபடியே பக்கத்துக் கதவுகளைத் தட்டிக்கொண்டு போயிருக்கிறாள். சிலர் முணுமுணுத்திருக்கிறார்கள். ஆனாலும் எல்லாரும் மேலே ஏறினார்கள். பிள்ளை மடுவத்தில் அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டார்கள். இளைஞர் மன்றத்துக் கெரம் போர்டை யாரோ தலையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். அங்கே இருந்துதான் அக்கா எனக்குப் போன் எடுத்தாள். பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம். ஏதோ கல்யாண வீட்டிலிருந்து பேசுகிறவள் போலப் பேசினாள்.

இருட்டுவதற்கு முன்னால் மேட்டின் ஒரு பகுதி இறங்கியது. பெரிய சரிவு என்று சொல்ல முடியாது. பின் கானை நிரப்பி, இரண்டு காம்பிராக்களின் குசினிச் சுவரை உடைத்து உள்ளே வந்து நின்றது. அதில் ஒன்று அக்காவுடையது. வழக்கமாக அந்த நேரத்தில் அவள் அந்தக் குசினியில்தான் இருப்பாள்.

இதை அவள் அன்று சொல்லவில்லை. மறுநாள் நானும் என் சிநேகிதியும் போனபோதுதான் பார்த்தோம். அடுப்பு இருந்த இடத்தில் என் இடுப்பளவுக்குச் சிவப்பு மண். ஒரு சட்டியின் விளிம்பு வெளியே தெரிந்தது. அக்கா மண்வெட்டியோடு நின்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். மேலெல்லாம் சேறு, தள்ளு என்றாள். என் சிநேகிதி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முக்காட்டை இறுக்கிக்கொண்டு மண் அள்ளத் தொடங்கினாள். இளைஞர் மன்றத்து ஆட்களும் நாங்களுமாகப் பகல் முழுவதும் அள்ளினோம். தோட்டத்து நிர்வாகம் அந்த இரண்டு குடும்பங்களுக்கும் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் இடம் கொடுத்தது. அக்கா இப்போது அங்கேதான் இருக்கிறாள். குசினி முன்னையதைவிடப் பெரிது, ஜன்னலும் இருக்கிறது என்று பார்க்க வருகிற எல்லாருக்கும் காட்டுகிறாள்.

அன்று பின்னேரம் கீழே இறங்கியபோது கம்பளைக்கு ரயில் இல்லை என்று சொன்னார்கள். பாதையிலும் ஓரிடத்தில் மரம் விழுந்திருந்தது. என் சிநேகிதி வீட்டுக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டு என்னோடு மஹய்யாவைக்கு வந்தாள். இத்தனை வருடப் பழக்கத்தில் அவள் எங்கள் வீட்டில் தங்குவது அதுதான் முதல் தடவை. குளித்துவிட்டு என்னுடைய பழைய உடுப்பை உடுத்திக்கொண்டு வந்தாள். அது அவளுக்கு நீளத்தில் கொஞ்சம் கட்டை. தொழுவதற்கு முன்னறையை ஒதுக்கிக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் இடியப்பம் வாங்கி வந்தார், நான் சொதியும் தேங்காய்ச் சம்பலும் செய்தேன். மண்வெட்டி பிடித்ததில் இருவருக்கும் உள்ளங்கையில் கொப்புளம். இடியப்பத்தைப் பிசைய முடியாமல் கரண்டி கேட்டாள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்காவின் கோல் வந்தது. மேல் டிவிசனில் இருக்கிறவர்களுக்கும் ஒரு பெட்டி வேண்டுமாம், அவர்கள் லயத்துக்குப் பின்னாலும் மேடு இருக்கிறதாம். அலுமாரியில் இன்னும் எத்தனை சிப் கிடக்கிறது என்று என் சிநேகிதியிடம் கேட்டேன். அவள் வாய் நிறையச் சாப்பாட்டோடு கையை விரித்துக் காட்டினாள், ஏராளம் என்று. பிறகு விழுங்கிவிட்டு, ஹோர்ன்தான் கஷ்டம், கம்பளையில் ஓர் ஆளைத் தெரியும், சனிக்கிழமை போவோம், வாங்க, உம்மா உங்களைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறா என்றாள். சரி என்றேன். இன்னும் இரண்டு இடியப்பத்தை அவளுடைய பீங்கானில் வைத்தேன், வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.